எடைத்தட்டும் மற்களமும்

திருப்போரூர் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே அது போர் நிகழ்ந்த ஊர் என்பது எளிதிற் புலனாகும். முருகன் அசுரரோடு பொருத களங்கள் மூன்றென்றும், திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருப்போரூரில் விண்ணிலும் அப்போர் நிகழ்ந்ததென்றும் தலவரலாறு உரைப்பார் கூறுவர். சமராபுரி என்று இவ்வூர்க்கு வழங்கும் மற்றொரு பெயரும் அதனையே குறிக்கும். இங்கிருந்து தெற்கே சற்றேறக்குறைய 15 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். பெருமல்லன் என்று பொருள்படும் மாமல்லன் என்னும் பட்டம் பூண்டு, 642-இல் வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனால் அதற்கு அப்பெயர் வந்தது என்பர். திருமங்கையாழ்வார் அவ்வூரைக் கடல்மல்லை என்றே பாடியிருத்தலின், மல்லை முந்தியதா மாமல்லன் முந்தியவனா என்று அறிஞர் வழக்கிட்டுக்கொள்வது வேறு செய்தி. எங்ஙனமாயினும், போரின் பெயரால் ஓர் ஊரும் மல்லனின் பெயரால் ஓர் ஊரும் அண்டையில் அமைந்த நிலத்தில் நாம் வாழ்கின்றோம்.

இவ்விரண்டு ஊர்க்கும் இடைப்பட்ட சிற்றூர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணாக்கர் சிலரை, அண்மை ஆண்டுகளில் புதியதொரு போர்விளையாட்டுப் பற்றிக்கொண்டிருக்கின்றது. குத்துச்சண்டை, மற்போர், தாய்லாந்து நாட்டாரின் உதைமுறை, பிரேசில் நாட்டார் திருத்தியமைத்த ஜியுஜிட்சு என்னும் பிடிமுறை ஆகிய பலவற்றையும் ஒரே களத்தில் கலந்து பொருவதாகலின், இதனைக் கலப்புப் போர்க்கலை என்பர். உத்தரப் பிரதேசத்துப் பூஜா தோமர் என்னும் நங்கை, 2024 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் யு.எஃப்.சி. என்னும் பெருங்களத்தில் வென்ற முதல் இந்தியர் ஆனார். அச்செய்தி கைப்பேசி வழியே வந்த அன்று, மாணாக்கர் விடுதியில் நள்ளிரவு வரை உறக்கமில்லை. யாம் கடிந்துகொள்ளச் சென்றோம். சென்ற இடத்தில் நின்று அப்போரை இருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினோம் என்பதையும் மறைப்பானேன்.

இனி, இக்கட்டுரை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுவோம். விடுதியில் வாழும் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் இக்கலையிற் பயிற்சி பெற்று வருகின்றான். பெயர் வேண்டா. அவன் இயல்பான எடை 64 கிலோ. ஒரு போட்டிக்கு அவன் பெயர் கொடுத்த பிரிவோ 56.7 கிலோ. இடைப்பட்ட ஏழு கிலோவை உருக்குதற்கு அவன் கைக்கொண்ட வழி இது: நான்கு நாட்கள் உப்பும் சோறும் நீக்கினான், கடைசி ஒன்றரை நாள் நீரும் நீக்கினான், மழைக்காலத்து நெகிழிச் சட்டையை அணிந்துகொண்டு, மே மாதத்து நண்பகலில், கோவளத்துக் கடற்கரைச் சாலையில் ஓடினான், ஓடி முடிந்தபின் ஒரு குவளையில் உமிழ்நீரைத் துப்பித் துப்பி நிரப்பினான். எடை பார்ப்பதற்கு முன்னாள் மாலை விடுதிப் படிக்கட்டில் அவன் மயங்கி விழுந்ததை யாம் கண்ணாற் கண்டோம். மருத்துவமனையில் நரம்பின் வழியே உப்புநீர் ஏற்றிய பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது. ஏன் இப்படிச் செய்தாய் தம்பி என்று கேட்டோம். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஐயா" என்றான்.

அவன் கூறியது உண்மையே என்று பின்னர் உசாவி அறிந்தோம். இதனினும் வியப்பு, இவ்வளவு துன்பத்திற்கும் காரணமாகிய எடைப்பிரிவு என்னும் விதி, போர்செய்வோரைக் காத்தற்பொருட்டே வகுக்கப்பட்டது என்பது. காப்பாக வந்த விதி எவ்வாறு கேடாக மாறிற்று என்பதே ஈண்டு எம் ஆராய்ச்சி.

கலப்புப் போர்க்கலையின் முதல் யு.எஃப்.சி. போட்டி, 1993 நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்தது. அங்கே எடைப்பிரிவு இல்லை, கையுறை கட்டாயமில்லை, கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் கூடா என்பதற்கு மேல் விலக்கு என்று சொல்லத்தக்கது மிகச் சிலவே. முதற்போரில் 180 கிலோவிற்கு மேற்பட்ட சுமோ மல்லர் ஒருவரும், அவர் எடையிற் பாதியளவே உள்ள டச்சு வீரர் ஒருவரும் எதிர்நின்றனர். அரை நிமிடங்கூட ஆகவில்லை; கீழே சாய்ந்த சுமோ மல்லரின் முகத்தில் உதை விழுந்து, பல் ஒன்று தெறித்துக் கூட்டத்திற் சென்று வீழ்ந்தது. அன்று எல்லாரையும் வென்றவர் ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி. எடையினும் வித்தையே பெரிது என்று காட்டுவதே அப்போட்டியை அமைத்தோரின் நோக்கமாகலின், அவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் நாட்டார் மகிழவில்லை. ஜான் மெக்கெய்ன் என்னும் மேலவை உறுப்பினர் இதனை மனிதரைக் கொண்டு நடத்தும் சேவற்சண்டை என்று இகழ்ந்து, 1996-இல் மாநில ஆளுநர்கட்கெல்லாம் திருமுகம் விடுத்தார். நியூயார்க் மாநிலம் 1997-இல் விதித்த தடை 2016 வரை நின்றது.

அத்தடைகளுக்கு அஞ்சியே விதிகள் பிறந்தன. 1997-இல் முதன்முதலாக இரண்டு எடைப்பிரிவுகள் வந்தன. அவ்வாண்டே கையுறையும் கட்டாயமாயிற்று. 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் நியூஜெர்சி மாநிலத்தார் கூடி வகுத்த பொதுவிதிகள், பின்னர்ப் பெரும்பாலோர் ஏற்கும் சட்டமாயின. தலையால் முட்டுதல், வீழ்ந்தவன் தலையை உதைத்தல், பிடரியிலும் முதுகெலும்பிலும் அடித்தல், சிறு விரல்களைப் பற்றி முறித்தல் முதலியன விலக்கப்பட்டன. ஆடவர்க்கு 125 இராத்தல், அஃதாவது 56.7 கிலோ, தொடங்கி 265 இராத்தல் வரை பிரிவுகள் ஏற்பட்டன. விதிகள் வந்தமையால் ஆட்டம் சாகவில்லை, வளர்ந்தது. ஆகவே, இவ்விளையாட்டை அறவே ஒழிக்கவேண்டும் என்று நம் ஆசிரியர் அறையிற் சொல்வோர்க்கு யாம் உடன்படோம். ஒழித்த இடங்களில் அது மறைவிடம் தேடிக்கொள்ளும். மறைவிடத்தில் நடுவரும் இரார், மருத்துவரும் இரார்.

ஆயினும், ஒரு விதி எழுதப்பட்ட மறுநாளே அதனைத் தனக்குக் கருவியாக்கிக்கொள்ளும் கூர்மையும் மனிதனுக்கு உண்டு. வீழ்ந்தவன் தலையை முழங்காலால் இடித்தல் கூடாது என்பது நல்ல விதி. ஆனால் பழைய விதியின்படி, கை ஒன்று தரையைத் தொட்டாலும் அவன் வீழ்ந்தவனாகவே எண்ணப்பட்டான். ஆகலின் நின்றுகொண்டிருக்கும் வீரன், எதிரியின் முழங்கால் வருவதைக் கண்டவுடன் விரலைத் தரையில் ஊன்றிக் காப்புத் தேடினான். எதிரி திகைக்கும் நேரத்தில் விரலை எடுத்துத் தாக்கினான். 2017-இல் இதனைத் திருத்தினர். திருத்தத்தைச் சில மாநிலங்கள் ஏற்றன, சில ஏலாவாயின. ஒரே வீரன் ஓர் ஊரில் வீழ்ந்தவன், மற்றோர் ஊரில் நின்றவன்! இறுதியாக 2024 நவம்பர் 1 முதல், கையும் காலும் அல்லாத உறுப்பு ஏதேனும் தரையில் பட்டாலன்றி வீழ்ந்தவன் ஆகான் என்று வரையறுத்தனர். அதே நாளில் மற்றொரு விலக்கும் நீங்கிற்று. முழங்கையை நேர்மேலிருந்து நேர்கீழாக இறக்கி இடித்தல் அதுவரை குற்றம். சற்றே சாய்த்து இடித்தாலோ குற்றமன்று. ஜான் ஜோன்ஸ் என்னும் பெருவீரரின் வாழ்நாளில் தோல்வி என்று எழுதப்பட்டது ஒன்றே. அஃது 2009-இல் இவ்விதியால் நேர்ந்தது. பயனற்ற விலக்கு என்று கண்டு அதனை எடுத்தனர். இவ்விரண்டு திருத்தங்களையும் யாம் வரவேற்கின்றோம். ஆனால் இவற்றிற்கு ஆன ஆராய்ச்சியிலும் ஆரவாரத்திலும் பாதியேனும் எடைத்தட்டின் மீது சென்றிருக்கலாகாதா என்பதே எம் ஆற்றாமை.

எடைப்பிரிவின் சூழ்ச்சி வருமாறு. எடை பார்ப்பது முதல்நாள், போர் மறுநாள். இடையே ஒரு பகலும் ஓர் இரவும் உண்டு. எனவே உடம்பின் நீரை வற்றவைத்து முதல்நாள் இலேசானவனாகத் தட்டில் ஏறி, இறங்கியவுடன் நீரும் சோறும் கொண்டு மறுநாள் கனத்தவனாகக் களம் புகுந்தால், தன்னிற் சிறியவனோடு பொருதும் வாய்ப்புக் கிட்டும். ஒருவன் செய்தால் ஊதியம். எதிரியும் அதையே செய்வானாகலின், ஈற்றில் ஒருவர்க்கும் ஊதியமில்லை; இருவரும் வாடிய உடம்போடு, முன்னிருந்த ஒப்புமையிலேயே நிற்கின்றனர். நீர் வற்றிய உடம்பில் குருதி தடிக்கும், நெஞ்சு துடிப்பு மிகும், சிறுநீரகம் நலியும். அடிபடும் தலைக்கு அது மேலும் தீங்கு என்று மருத்துவர் அஞ்சுவர். எடையைக் குறைத்து ஏற்றுவோரின் நூல்கள் பலவும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. நம் செங்கற்பட்டுக் கடற்கரையிலோ காற்றே ஈரமாதலின் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நெகிழிச் சட்டைக்குள் ஓடுகின்றவன் தன் உடம்பைத் தானே அவிக்கின்றான்.

இது வீண் அச்சமன்று. 1997-ஆம் ஆண்டு இறுதியில், ஐந்து வாரத்திற்குள், அமெரிக்கக் கல்லூரிகளின் மல்லர் மூவர் எடை குறைக்கும் முயற்சியில் மாண்டனர். மூவரும் நம் மாணாக்கரை ஒத்த வயதினர். அதன்பின்னரே அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுக் கழகம் விழித்தது. நெகிழிச் சட்டையும் நீராவி அறையும் தடுக்கப்பட்டன. எடை பார்ப்பது போருக்கு இரண்டு மணிநேரத்திற்குள் என்றாயிற்று. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவனின் உடற்கொழுப்பையும் சிறுநீரின் ஒப்படர்த்தியையும் அளந்து, இவ்வெடைக்குக் கீழே நீ இறங்கலாகாது என்று எழுதிவைத்தனர். கல்லூரி மல்லரைப் பொறுத்தவரை இதனினும் நல்ல ஏற்பாட்டை யாம் அறியோம்.

கலப்புப் போர்க்கலையில் அவ்விழிப்பு வருதற்கு மற்றோர் இறப்பு வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில், மணிலா நகரில் பொருதவிருந்த யாங் ஜியான் பிங் என்னும் சீன இளைஞர் எடை குறைக்கும்போது வீழ்ந்து உயிர் நீத்தார். அகவை 21. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் என்னும் அமைப்பார், அதன்பின் நீர்வற்றி எடை குறைத்தலைத் தடைசெய்து, எடையோடு சிறுநீரையும் சோதிக்கத் தொடங்கினர். ஒப்படர்த்தி 1.025-க்கு மேற்பட்டால் எடை சரியாயினும் தகுதியில்லை. பிரிவுகளின் அளவையும் இயல்பான எடைக்கேற்ப உயர்த்தினர். இதிலும் குறையில்லை என்று சொல்லமாட்டோம். சோதனையை ஏமாற்றுவாரும் உளர் என்பர். ஆயினும் நோக்கம் நேரானது. தட்டில் நிற்கும் எண்ணை மட்டும் பாராது, அவ்வெண்ணுக்கு அடியில் நிற்கும் உடம்பையும் பார்க்கின்றது அவ்விதி.

அமெரிக்கர் 2017-இல் மற்றொரு வழி கண்டனர். பிரிவுக்கும் பிரிவுக்கும் இடைவெளி அகன்றிருப்பதே கீழே இறங்கும் ஆசைக்குக் காரணம் என்று உணர்ந்து, 165, 175, 195, 225 இராத்தல் என்னும் நான்கு புதிய பிரிவுகட்கு இசைவளித்தனர். 205-க்கு அடுத்தது 265 என்றால், இடையே உள்ள 60 இராத்தலில் நிற்பவன் எங்கே செல்வான்? ஆனால் யு.எஃப்.சி. அமைப்பார் அப்பிரிவுகளைத் தம் களத்தில் ஏற்றிலர். பட்டங்கள் பெருகினால் பட்டத்தின் மதிப்புக் குறையும் என்பது வணிகர் கணக்குப் போலும்.

நம் நாட்டார் நெஞ்சில் இன்னும் ஆறாத புண் ஒன்றை இவ்விடத்திற் கூறாதிருத்தல் இயலாது. 2024 ஆகஸ்டு 6-ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் 50 கிலோ மற்போரில் ஒரே நாளில் மூவரை வென்றார். முதலில் வீழ்ந்தவர், பன்னாட்டுக் களத்தில் அதுவரை தோல்வியே அறியாத ஜப்பானின் யுயி சுசாகி. இறுதிப்போருக்கு முன், மறுநாள் காலை எடையில், 100 கிராம் மிகுந்தது. இரவெல்லாம் உறங்காமல் உழைத்து வியர்த்தும், தலைமயிரைக் கத்தரித்தும் அந்நூறு கிராம் நீங்கவில்லை. விதிப்படி அவர் நீக்கப்பட்டுக் கடைசி இடத்தில் வைக்கப்பட்டார். நடுவர் மன்றமும் ஆகஸ்டு 14-ஆம் நாள் அவர் முறையீட்டைத் தள்ளிற்று.

அன்று நம் நாட்டில் விதியைத் தூற்றாதார் இலர். யாம் அக்கூட்டத்திற் சேரோம். இரண்டு நாட்போட்டியில் இரண்டு காலையும் எடை பார்க்கவேண்டும் என்னும் அவ்விதி, ஒரே நாள் உருகி மறுநாள் பெருகும் தீய வழக்கத்தைத் தடுத்தற்கே சில ஆண்டுகட்கு முன் வந்தது. குற்றம் வேறிடத்தில் உள்ளது. டோக்கியோவில் 53 கிலோவில் பொருத ஒருவர், அப்பிரிவில் நாட்டிற்குரிய இடம் மற்றொருவர்க்குச் சென்றமையால், 50-க்கு இறங்கவேண்டியதாயிற்று. உலகப் போட்டியில் மகளிர் மற்போர்க்குப் பிரிவுகள் பத்து, ஒலிம்பிக்கிலோ ஆறே. நான்கு பிரிவினர் மேலே ஏறவோ கீழே உருகவோ வேண்டும். மணிப்பூரின் மேரி கோம் 2012-இல் மேலே ஏறினார். அவர்க்குப் பழகிய 48 கிலோ பிரிவு இலண்டன் ஒலிம்பிக்கில் இல்லாமையால், தம்மிற் பெரியாரோடு 51-இல் குத்துச்சண்டை செய்து வெண்கலம் கொணர்ந்தார். ஏறுவோர்க்குத் தோல்வி நேரலாம். உருகுவோர்க்கு நேர்வது தோல்வி மட்டுமன்று.

இவ்வாறு யாம் பேசுங்கால், எம் நண்பராகிய தமிழாசிரியர் ஒருவர் குறுக்கிட்டு, "பழைய மல்லர்க்கு எடைத்தட்டு ஏது? ஆமூர் மல்லனைப் பெருநற்கிள்ளி வீழ்த்தியபோது யார் நிறுத்துப் பார்த்தார்? ஏழடி உயரத்திற்கு அணித்தான ரஹீம் சுல்தானிவாலாவைக் காமா எதிர்க்கவில்லையா?" என்று வினவினார். நல்ல வினா. சாத்தந்தையார் பாடிய அப்புறநானூற்றுப் போர் எப்படி முடிந்தது என்பதை அவரே அறிவார். மல்லன் உயிரோடு வீடு திரும்பவில்லை. காமாவோ கோடியில் ஒருவர். கோடியில் ஒருவர்க்கு ஏற்ற வழக்கத்தை மற்றையோர்க்கும் விதியாக்கினால், அவர்கள் கழுத்து தாங்காது. எடைப்பிரிவு வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அது வேண்டுவதாகலின், அதனை மெய்யாக நடத்துக என்கின்றோம்.

நம் மாவட்டத்தில் இஃது ஒரு கலையோடு நிற்பதன்று. திருப்போரூர்ச் சாலையில் மதிற்சுவர்தோறும் ஒட்டப்படும் கபடிப் போட்டி அறிவிப்புக்களைப் பாருங்கள். 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ என்று பெரிய எழுத்தில் எண் இருக்கும். அந்த எண்ணுக்காக முதல்நாள் பட்டினி கிடக்கும் பள்ளிச் சிறுவர்களை யாம் அறிவோம். அவர்கட்குப் பயிற்சியாளரும் இல்லை, மருத்துவரும் இல்லை. காலையில் எடை பார்த்தவுடன் தேநீர்க்கடைக்கு ஓடும் கால்கள் மட்டும் உண்டு.

ஆகையால் நம் கல்லூரி உடற்பயிற்சித் துறையார்க்கு ஒரு விண்ணப்பம் செய்தோம். ஆண்டுத் தொடக்கத்தில், சோறும் நீரும் உண்ட இயல்பான நிலையில், போர்விளையாட்டு மாணாக்கர் அனைவரையும் நிறுத்து எழுதிவைக்க. அவ்வெடைக்கு நூற்றுக்கு மூன்று பங்கிற்கு மேல் குறைந்த பிரிவில் எவனுக்கும் கல்லூரியின் கையொப்பம் இடற்க. நெகிழிச் சட்டை கண்டால் பறிமுதல் செய்க. நாம் நடத்தும் போட்டிகளில் எடை பார்ப்பது போட்டி நாள் காலையே ஆகுக; சிறுநீரின் ஒப்படர்த்தி காணும் சிறு கருவி ஒன்றை ஆய்வுக்கூடத்திலிருந்து இரவல் பெறலாம், அஃது அங்கே அலமாரியில் உறங்குகின்றது. மூன்று பங்கு என்பது எம் கணக்கு. மருத்துவர் வேறு சொன்னால் அதற்கு இணங்குவோம். துறையார் முதலில் தயங்கினர். பிற கல்லூரியார் உருக்கிக்கொண்டு வரும்போது நம் பிள்ளைகள் மட்டும் இயல்பாகச் சென்றால் தோற்பரே என்றனர். தோற்பர்தாம். சில ஆண்டுகள் கோப்பைகள் குறையும். கோப்பை அலமாரியில் இடம் மிஞ்சும். பழைய மாணவர் சங்கத்தார் இதுபற்றி எழுதிய கடிதம் ஒன்று சற்றுக் காரமாகவே இருந்தது. இவ்வாண்டு முதல் விதி நடைமுறைக்கு வந்துவிட்டது.

படிக்கட்டில் மயங்கி விழுந்த அம்மாணவன் சென்ற மாதம் மீண்டும் போட்டிக்குச் சென்றான். இம்முறை 65.8 கிலோ பிரிவு. காலையில் எடை பார்த்தபோது 64. ஒரு கிலோவிற்கு மேல் மிச்சமே இருந்தது. இரண்டாம் சுற்றில் தோற்றுவிட்டான். இரவு உணவுக்கூடத்தில் அவன் எதிரே அமர்ந்து, எப்படித் தோற்றாய் தம்பி என்று கேட்டோம்.

"அவனுக்குக் கை நீளம், ஐயா" என்று கூறிவிட்டு, மூன்றாம் முறையாகச் சோற்றுக்குத் தட்டை நீட்டினான்.